இகுவானா வாங்கலாமா? கடைக்காரர் "மீன்தொட்டி போதும்" என்கிறார்

செல்வா_பீளமேடு

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்தால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று அக்கா மகனிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாய்க்குட்டி கேட்பான் என்று நினைத்தேன். பையன் ஓணான் மாதிரி இருக்கும் இகுவானா வேண்டும் என்கிறான். கடையில் போய்ப் பார்த்தோம். உள்ளங்கையில் உட்காரும் குட்டி, நல்ல கிளிப்பச்சை. இரண்டடி மீன்தொட்டி போதும், கீரை போட்டால் போதும், கடிக்காது, சத்தம் போடாது என்று கடைக்காரர் அடுக்கினார்.

அவர்கள் வீடு அபார்ட்மென்ட், இரண்டு படுக்கையறை. வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

மரப்பல்லி

மீன்தொட்டி போதும் என்று சொன்னவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

முட்டையிலிருந்து வெளியே வரும்போது இகுவானா வாலோடு சேர்த்து ஒரு சாண் இருக்கும். ஒழுங்காகத் தின்று வளர்ந்தால் மூன்று வருடத்தில் ஒரு மீட்டரை எட்டிவிடும். முழுதாக வளர்ந்த ஆண் ஒன்றரை மீட்டர், சிலது அதற்கும் மேல். எடை 4 முதல் 6 கிலோ வரை. நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான், ஆனால் அந்த வாலால் ஒரு வீசு வீசினால் கையில் தடிப்பு ஏறும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழும். உங்கள் மருமகன் கல்லூரி போய், வேலைக்குப் போய், கல்யாணம் முடித்த பிறகும் அது இருக்கும். அதுவரை யார் பார்த்துக்கொள்வது என்று உங்கள் அக்காவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

மரத்தில் வாழும் பிராணி என்பதால் கூண்டுக்கு உயரம் முக்கியம். ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி அகலம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பெண் இகுவானா வளர்க்கிறேன். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு இருந்த அறை இப்போது அவளுடையது. மாமியார் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சும்மா_ஒருவன்

வாசலில் இருக்கும் ஓணானுக்குப் பெயர் வைத்துவிட்டால் செலவே இல்லையே. அதுவும் தலையை ஆட்டும்.

மரப்பல்லி

ஓணானை அதன் பாட்டுக்கு விடுங்கள். உடும்பு பக்கமும் யாரும் போக வேண்டாம். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருந்தால் வழக்குதான். உடும்பு இறைச்சி தின்னும், இகுவானா இலை தின்னும். பார்க்கத்தான் உறவுக்காரர்கள் மாதிரி இருக்கும்.

ஊசிமருந்து

சிறு பிராணிகள் மருத்துவம் பார்க்கிறேன். இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

என்னிடம் கொண்டுவரப்படும் இகுவானாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதி, எலும்பு வலுவிழத்தல். கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பர் போல வளையும். பின்னங்கால் தொடை புடைத்திருக்கும். "நல்லா சதை போட்டிருக்கு டாக்டர்" என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள். அது சதை இல்லை. எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து போக, அந்த இடத்தை நார்த்திசு நிரப்பியிருக்கிறது. அடுத்து விரல்கள் துடிக்கும், அப்புறம் உடம்பே நடுங்கும், கடைசியில் வலிப்பு வரும். வளைந்த முதுகெலும்பு மருந்தால் நேராகாது.

காட்டில் இந்த வியாதி ஏன் வருவதில்லை என்று பார்த்தால் வளர்ப்பில் என்ன குறை என்பது புரியும். தெற்கு மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரைக்கும் ஆற்றோர மரங்கள்தான் பச்சை இகுவானாவின் வீடு. காலையில் கிளை நுனிக்கு வந்து மணிக்கணக்கில் வெயில் காயும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் தின்ற இலையில் உள்ள கால்சியம் உடம்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும், எனவே ஜன்னலோரத் தொட்டியால் பலன் இல்லை. இந்தக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு வாங்கினாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அதன் கதிர் வலு இறங்கிவிடும். பல்பு மட்டும் வெளிச்சமாக எரிந்துகொண்டே இருக்கும், நாமும் எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருப்போம்.

நம் ஊர் வெயில் எந்த விளக்கையும்விட மேல். மொட்டைமாடியில் கம்பிவலைக் கூண்டு, அதில் பாதி நிழல், தண்ணீர். இப்படி வைத்தால் நல்லது. ஆனால் கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறிச் செத்துவிடும்.

வெப்பம் செரிமானத்துக்கும் வேண்டும். இகுவானா தின்னும் இலையைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நொதிக்க வைத்து உடைக்கின்றன. காயும் இடம் 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூண்டின் மறுகோடி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தனக்கு எது தேவை என்று அதுவே இடம் மாறிக்கொள்ளும். பனாமாவில் செய்த ஆய்வில் ஒரு சங்கதி தெரிய வந்தது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் முதல் சில வாரங்களில் பெரிய இகுவானாக்கள் இருக்கும் மரங்களுக்குப் போய் அவற்றின் எச்சத்தைத் தின்கின்றன. குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அவற்றுக்கு அப்படித்தான் கிடைக்கின்றன. பண்ணையில் பொரித்துக் கடைக்கு வரும் குட்டிக்கு இந்த வாய்ப்பு இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

செல்வா_பீளமேடு

டாக்டர், ரொம்ப நன்றி. என்ன கீரை போடலாம் என்றும் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் பாலக் போதும் என்றார்.

ஊசிமருந்து

பாலக்கைத் தினமும் போடாதீர்கள். அதில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குத் தராது. தண்டுக்கீரை, சிறுகீரைக்கும் இதே கதைதான், எப்போதாவது கொஞ்சம் போடலாம். அகத்தி, முருங்கை, கடுகுக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் மாற்றி மாற்றிப் போடுங்கள். மஞ்சள் பூசணியைத் துருவிச் சேர்க்கலாம். பழம் ருசிக்கு மட்டும், பப்பாளி ஒரு துண்டு போதும். லெட்டூஸ் வெறும் தண்ணீர். மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரசைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு.

முட்டை, கோழிக்கறி, நாய் பிஸ்கட் எதுவும் கூடாது. சிலர் சீக்கிரம் வளரட்டும் என்று கொடுக்கிறார்கள். வளரும், சில வருடம் கழித்துச் சிறுநீரகம் கெடும்.

இன்னொன்று. ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், பிராணிக்கு ஒன்றும் செய்யாது, மனிதருக்குச் செய்யும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் என் பதில் நேராக "வேண்டாம்" என்பதுதான்.

எவர்கிளேட்ஸ் எழில்

இங்கே அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் இருக்கிறேன். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைக்கும் பிராணி எங்கள் வீட்டுப் பின்னால் கால்வாய்க் கரையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. செம்பருத்தி நட்டால் மொட்டு விரிவதற்குள் தின்றுவிடும். நீச்சல் குளத்தில் இறங்கிக் கழிந்து வைக்கும்.

ஃப்ளோரிடா இதன் சொந்த ஊர் இல்லை. 1960களிலேயே மியாமி வட்டாரத்தில் தென்பட ஆரம்பித்தது. சரக்கோடு ஒளிந்து வந்தவை கொஞ்சம், வளர்க்க முடியாமல் மனிதர்கள் விட்டவை நிறைய. 1990களில் மத்திய அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து குட்டிகள் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்கு வந்தன. குட்டி மலிவு, கூண்டும் விளக்கும்தான் விலை. மரப்பல்லி அக்கா சொன்ன ஒரு மீட்டரை எட்டியதும் பல பேர் செய்த காரியம், காரில் கொண்டுபோய்க் கால்வாய் ஓரம் இறக்கிவிட்டதுதான். ஒரு பெண் ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டை வரை இடும். அப்புறம் சொல்லவா வேண்டும்?

பூச்செடி போவது சின்ன விஷயம். முட்டையிட மண்ணில் வளை தோண்டுவதில் கால்வாய்க் கரை சரிகிறது, நடைபாதைக்குக் கீழே குழி விழுகிறது. வெஸ்ட் பாம் பீச்சில் ஓர் அணையின் கரையைத் தோண்டி வைத்ததைச் சரிசெய்ய 18 லட்சம் டாலர் ஆனது. லேக் வொர்த் பீச்சில் 2022 டிசம்பரில் மின்நிலையத்துக்குள் ஏறி ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கரண்டை நிறுத்தியது. பாஹியா ஹோண்டா தீவில் மியாமி புளூ என்ற அருகிவரும் பட்டாம்பூச்சி முட்டையிடும் கழற்சிச் செடியையும் இவை மேய்ந்தன. அந்த வகைப் பட்டாம்பூச்சி உலகில் எஞ்சியிருந்ததே கொஞ்சம்.

குளிர்காலத்தில் இன்னொரு கூத்து. சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் உடம்பு விறைத்து, தூங்கிக்கொண்டிருக்கும் கிளையிலிருந்து கீழே விழும். 2020 ஜனவரியில் மியாமி வானிலை அலுவலகமே "இன்றிரவு மரத்திலிருந்து இகுவானா விழலாம், ஆச்சரியப்பட வேண்டாம்" என்ற பொருளில் அறிவிப்பு போட்டது. செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போகக் கூடாது. வெயில் ஏறியதும் எழுந்துகொள்ளும், அப்போது பயத்தில் கடிக்கும்.

சும்மா_ஒருவன்

வானிலை அறிக்கையில் பல்லி மழை. இதைப் படிக்கத்தான் இந்தப் பக்கம் வருகிறேன்.

அன்பரசி_நாகை

எழில், அங்கே அதைக் கொல்ல அனுமதி இருப்பதாகப் படித்தேன். உண்மையா? அதுகளா டிக்கெட் எடுத்து அமெரிக்கா வந்தன? கொண்டுவந்தது மனிதன், விட்டது மனிதன், சாவது மட்டும் அதுவா?

எவர்கிளேட்ஸ் எழில்

உண்மைதான். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு வருடம் முழுக்கக் கொல்லலாம், ஆனால் வதைக்கக் கூடாது, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பிடித்து வேறு இடத்தில் விடுவதுதான் இங்கே குற்றம். 2021 ஏப்ரலில் இருந்து பச்சை இகுவானா தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது, புதிதாக யாரும் செல்லப்பிராணியாக வாங்க முடியாது. முன்பே வைத்திருந்தவர்கள் மட்டும் இலவச உரிமமும் உடம்பில் அடையாளச் சில்லும் வாங்கித் தொடர்ந்தார்கள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் கால்வாய்க் கரையில் வளையைப் பார்த்தபின் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தீவுப்பித்தன்

அன்பரசி, எனக்கும் கொல்வது பிடிக்காது. ஆனாலும் கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் நடந்ததைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அந்தத் தீவுக்கென்றே சொந்தமாக ஓர் இகுவானா உண்டு. நீல இகுவானா, தரையில் வாழ்வது, உலகத்தில் வேறு எங்கும் இல்லை. நாயும் பூனையும் காரும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் காட்டில் 25-க்கும் குறைவாக ஆக்கிவிட்டன. ஃப்ரெட் பர்ட்டன் என்பவர் தலைமையில் எலிசபெத் ராணி பெயரிலான தாவரவியல் பூங்காவில் முட்டை சேகரித்து, பொரிக்க வைத்து, குட்டிகளைப் பூனை விழுங்க முடியாத அளவுக்கு வளர்த்துக் காட்டில் விட்டார்கள். 2008-இல் யாரோ இரவில் உள்ளே புகுந்து வளர்ந்த இகுவானாக்கள் சிலவற்றைக் கொன்றும் போட்டார்கள். அப்படியும் விடாமல் செய்து 2018-இல் ஆயிரத்தைத் தொட்டார்கள்.

அதே தீவில் வெளியிலிருந்து வந்த பச்சை இகுவானா அதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. மனிதர்களோ அறுபதாயிரம் சொச்சம். 2018 அக்டோபரில் அரசு தலைக்கு ஏறக்குறைய 5 கேமன் டாலர் கொடுத்து வேட்டையைத் தொடங்கியது, பத்து லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். ஒரு பக்கம் ஒரே ஓர் இகுவானா முட்டைக்குக் காவல், இன்னொரு பக்கம் லாரி லாரியாக இகுவானா குப்பைக் கிடங்குக்கு. இரண்டும் ஒரே தீவு, ஒரே வருடம்.

கரீபியனிலேயே சிறிய அண்டிலிஸ் தீவுகளில் வேறு விதமான சிக்கல். அங்கே உள்ள சொந்த இனத்தோடு பச்சை இகுவானா கூடிக் கலப்புக் குட்டி போடுகிறது. கலப்பு பெருகப் பெருகச் சொந்த இனம் கரைந்து போகிறது. டொமினிக்கா தீவு ரொம்ப நாள் தப்பித்திருந்தது. 2017-இல் மரியா புயலுக்குப் பின் வந்த நிவாரணச் சரக்கோடு அங்கேயும் பச்சை இகுவானா வந்து இறங்கிவிட்டது.

அன்பரசி_நாகை

நிவாரணப் பொருளோடா! சரி, என் கோபம் இகுவானா மேல் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். வியாபாரிகளை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லையே.

ஜூரோங்_ஜெயா

சிங்கப்பூரிலும் மேற்குப் பக்கம் நீர்நிலை ஓரங்களில் பச்சை இகுவானாவைப் பார்க்கலாம். இங்கே செல்லப்பிராணியாக வளர்ப்பதே சட்டவிரோதம். ஊர்வனவற்றில் இரண்டு வகை ஆமைகளுக்குத்தான் அனுமதி. அப்படியிருந்தும் எப்படியோ வெளியே வந்து இனம் பெருக்குகிறது. எங்கள் உடும்பு அதன் குட்டியைத் தின்றுவிடும் என்று நண்பர் ஒருவர் தைரியம் சொல்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

செல்வா_பீளமேடு

இழை எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் நன்றாக இருக்கிறது. மருமகனுக்கு அனுப்பினேன். அவன் கேட்கிறான்: தீவுகளுக்கு இகுவானா முதலில் எப்படிப் போனது? நீந்தியா?

தீவுப்பித்தன்

தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். மிதந்து போனது.

1995 செப்டம்பரில் லூயிஸ், மேரிலின் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்துக் கரீபியனை அடித்தன. அக்டோபர் தொடக்கத்தில் அங்குயிலா தீவின் கிழக்குக் கரையில் வேரோடு பிடுங்கிய மரங்கள் பெரிய திட்டாக ஒதுங்கின. மீனவர்கள் பார்க்க, மேலே பச்சை இகுவானாக்கள். பதினைந்தாவது இருக்கும். அதற்கு முன் அந்த இனம் அங்கே இருந்ததே இல்லை. குவாதலூப் பக்கமிருந்து இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மிதந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னால் அவை அங்கேயே தங்கி முட்டையிட்டதும் தெரிந்தது. அதுவரை இதெல்லாம் ஊகம், அன்றைக்குத்தான் ஆள் பார்க்க நடந்தது.

பசிபிக் நடுவில் ஃபிஜியிலும் இகுவானா இருக்கிறது. அதன் நெருங்கிய சொந்தம் வட அமெரிக்கப் பாலைவனத்தில். நடுவில் 8,000 கிலோமீட்டர் கடல். 2025-இல் வந்த மரபணு ஆய்வு, சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மிதந்துதான் போயிருக்க வேண்டும் என்கிறது. வாரக்கணக்கில் தின்னாமல் தாக்குப் பிடிக்கும் உடம்பு, மிதப்பதே செடி கொடி, பசித்தால் அதையே தின்னலாம்.

பசிபிக்கில் உள்ள கலாபகஸ் தீவுகளில் கடலுக்குள்ளேயே இறங்கிப் பாசி மேயும் இனம் இருக்கிறது. உடம்பில் சேரும் உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வழியாகத் தும்மித் தள்ளும், தலையெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். கடல் சூடேறும் எல் நினோ வருடங்களில் பாசி அழிந்து பட்டினி வரும்போது இவற்றின் உடல் நீளமே சுருங்குகிறது, சிலவற்றுக்கு 20 சதவீதம் வரை. எலும்பே குறுகுகிறது. நிலைமை சரியானதும் மறுபடி வளரும். முதுகெலும்புள்ள பிராணியில் இப்படி ஒன்றை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

தரை இகுவானாவும் அங்கே உண்டு. 1835-இல் சார்லஸ் டார்வின் சாந்தியாகோ தீவில் கூடாரம் போட இடமில்லாத அளவுக்கு வளைகள் இருந்ததாக எழுதினார். பிறகு மனிதர் கொண்டுவந்த பன்றியும் மற்றவையும் சேர்ந்து அந்தத் தீவில் ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிட்டன. 2019 ஜனவரியில் வடக்கு சைமூர் தீவிலிருந்து 1,400-க்கு மேல் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வடக்கு சைமூர் கூட்டமே 1930களில் பக்கத்து பால்ட்ரா தீவிலிருந்து ஆட்கள் தூக்கி வந்து விட்டதுதான். பால்ட்ராவில் இருந்தவை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க விமானத்தளம் வந்த பிறகு அழிந்தே போயின. யாரோ ஒரு பயணக் குழு செய்த வேலை ஓர் இனத்தின் கிளையைக் காப்பாற்றிவிட்டது. எழிலுக்குக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

எவர்கிளேட்ஸ் எழில்

நம்மிடம் உபரியாக இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

வாலறுந்தவன்

வேறு ஒருவர் கைவிட்ட ஆணை எடுத்து வைத்திருக்கிறேன். செல்வா அண்ணா, கடைக்காரர் சொன்ன "கடிக்காது" பற்றிப் பேச வேண்டும்.

குட்டியாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் பயப்படும், ஓடும். ஆண் இரண்டு, மூன்று வயதில் பருவத்துக்கு வந்ததும் வருடத்தில் சில மாதங்கள் வேறு ஆளாக மாறிவிடும். உடம்பில் ஆரஞ்சு ஏறும், தலை பெருக்கும், தொடைக்குக் கீழே வரிசையாக உள்ள துளைகளிலிருந்து மெழுகு மாதிரி சுரந்து போகிற இடமெல்லாம் தேய்த்து வைக்கும். காட்டில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டுகிற காலம் அது. வீட்டில் மற்ற ஆண் யார்? நான்தான். தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்து, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தலையை வேகமாக ஆட்டினால் அந்த அறையில் நிற்காதீர்கள். பல் ரம்பம் மாதிரி, இலையை வெட்டுவதற்காக அமைந்தது, கையில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும். விதை எடுத்துவிட்டால் அடங்கும் என்பதையும் நம்பி உட்கார முடியாது, சிலது அடங்குவதில்லை.

கையாளும்போது மேலேயிருந்து கையை நீட்டக் கூடாது. உச்சந்தலையில் வெளிர் நிறத்தில் ஒரு செதில் இருக்கும், அது வெளிச்சம், நிழலை மட்டும் உணரும் மூன்றாவது கண். பருந்து நிழல் விழுந்தால் தெரிந்துகொள்வதற்காக. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். பக்கவாட்டில், கீழிருந்து வாருங்கள். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது, கையோடு வந்துவிடும். குட்டிக்கு மறுபடி வளரும், வயதானதற்கு மொட்டையாகவே நின்றுவிடலாம். என் பெயருக்குக் காரணம் இதுதான், முந்தைய வீட்டில் யாரோ செய்த வேலை.

தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறது, சுகமாக இருக்கிறது போல என்று வீடியோ போடுகிறார்கள். பல சமயம் "இது எப்போது முடியும்" என்று கண்ணை மூடுகிறது.

மரப்பல்லி

கடைசி வரியோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன். என் பெண் தானாக என் தோளுக்கு ஏறி வருவாள், அழைக்காமலே. அது பாசமா, என் உடம்புச் சூடா என்று கேட்டால் சூடுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அதில் குறையில்லை.

ஊசிமருந்து

மரப்பல்லி மாதிரி அறையையே ஒதுக்கி வைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். அவர் நூற்றில் ஒருவர். கடை குட்டி விற்பது மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு. என்னைக் கேட்டால், இந்தப் பிராணி கடையில் விற்பதற்கே ஏற்றதில்லை.

மரப்பல்லி

டாக்டர், அப்படிப் பார்த்தால் கிளி, ஆமை எதுவும் விற்கக் கூடாது.

ஊசிமருந்து

ஆமாம், கூடாது.

சட்டப்புள்ளி

செல்வாவின் சட்டக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பச்சை இகுவானா, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். நீல இகுவானா முதலிய கரீபியத் தரை இனங்களும் ஃபிஜி இனமும் முதல் பட்டியல், வியாபாரமே கிடையாது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் பிராணிகளில் இகுவானாவும் அடிக்கடி இருக்கும், செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

முன்பு இந்தியாவுக்குள் வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பதற்குத் தெளிவான சட்டம் இல்லை. 2022 திருத்தத்தில் வனவிலங்குச் சட்டத்தோடு சைட்டிஸ் இனங்களுக்கு நான்காம் அட்டவணை சேர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குட்டி போட்டாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் பதிவு ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை சார்" என்று பதில் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வாங்கிய பிறகு மாட்டுவது நீங்கள்தான்.

செல்வா_பீளமேடு

கேட்டேன். அச்சு அசலாக அதே பதில்தான் வந்தது!

குட்டி வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். ஆனால் விடவில்லை. வாலறுந்தவன் மாதிரி கைவிட்டதை எடுக்கலாமா என்கிறான். அபார்ட்மென்டில் அறை இல்லை, மொட்டைமாடி பொது. நான் முடியாது என்று சொன்னேன். அக்கா பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

வாலறுந்தவன்

மாடியில் கூண்டு வைக்கச் சங்கம் எழுத்தில் அனுமதி தரட்டும், அப்புறம் பார்க்கலாம். அதற்குள் தம்பியைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கோ வண்டலூருக்கோ ஒருமுறை கூட்டிப் போங்கள். வளர்ந்த ஆணைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

புதியவள்_ஈரோடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், அவசரம். எங்கள் பெண் இகுவானா சில நாளாகத் தின்னவில்லை. கூண்டின் மூலையைச் சதா பிறாண்டுகிறாள். வயிறு மட்டும் பெரிதாக இருக்கிறது, கை கால் மெலிந்துவிட்டது. ஆண் எதுவும் வீட்டில் இல்லை. மலச்சிக்கலா?

ஊசிமருந்து

முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண் இல்லாமலும் கருவுறாத முட்டை உருவாகும். சுறுசுறுப்பாகத் தோண்டுகிறாள் என்றால் இடம் தேடுகிறாள். இந்த நிலையில் தீனி குறைவது வழக்கம்தான். ஆனால் சோர்ந்து படுத்துவிட்டால், தலை தூக்கவில்லை என்றால், நடுங்கினால் முட்டை உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். அப்போது காத்திருக்கக் கூடாது. எப்படியும் நாளைக்கே ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம். மலச்சிக்கல் என்று எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள், வயிற்றையும் அமுக்காதீர்கள்.

மரப்பல்லி

இன்றிரவே முட்டைப் பெட்டி வைத்துவிடுங்கள். அவள் உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்குப் பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, மூடியில் அவள் நுழைய ஓர் ஓட்டை. உள்ளே ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் ஒரு அடிக்குக் குறையாமல் நிரப்புங்கள். காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருந்தால் தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாள். வெதுவெதுப்பாக, 30 டிகிரி அளவில் இருக்கட்டும். மேலே துணி போட்டு இருட்டாக்கிவிட்டு அறையை விட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள். குடிக்கத் தண்ணீர் மட்டும் பக்கத்தில் வையுங்கள்.

புதியவள்_ஈரோடு

பெட்டி இருக்கிறது, மணலுக்கு அண்ணன் போயிருக்கிறார். சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறாள். மருத்துவரிடம் காலையில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊசிமருந்து

சரி. போகும்போது அடியில் துண்டு விரித்த அட்டைப்பெட்டியில், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோங்கள், ஏசி போட்ட காரில் குளிர்ந்துவிடக் கூடாது. இரவில் முட்டை இட்டுவிட்டால் எண்ணி வையுங்கள், எக்ஸ்ரேயில் உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அந்த எண்ணிக்கை உதவும்.